'இல்லை' என்று அடித்து அனுப்பிய படிவம்

நான் வேலை பார்த்த பொறியாளர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. நடுவர் நியமனம் முழுக்க இணையதளத்துக்கு மாறிவிட்டதால், முன்பு அது எப்படி நடந்தது என்று பழைய ஆட்களில் யாராவது எழுத வேண்டும் என்றார்கள். பழைய ஆட்களில் கண்ணும் கையும் ஒழுங்காக இருப்பது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. மலையாளத்தில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எல்லாத் தலைவர்களும் மகான்கள், ஒரு கோப்பும் ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை. மலருக்கு அவ்வளவு போதும். அதில் சொல்லாமல் விட்டதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

என் அப்பா சாலைக் கடைவீதியில் ஒரு இரும்புக் கடையில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து தாத்தா காலத்தில் திருவனந்தபுரம் வந்த குடும்பம். நான் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் தட்டச்சு ஹையர் பாஸ் செய்து, ஒரு வக்கீல் அலுவலகத்தில் இரண்டு வருஷம் வாய்தா மனுக்களாக அடித்துத் தள்ளி, பிறகு சங்கத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்போது நியமனப் பிரிவின் கண்காணிப்பாளர். இடைப்பட்ட வருஷங்களை எழுதினால் எனக்கே தூக்கம் வரும்.

நடுவர் நியமனம் என்றால் என்ன என்று என் தங்கை இன்றுவரை கேட்கிறாள். விஷயம் சுலபம். கட்டச் சொல்லும் உரிமையாளரும் கட்டுகிற ஒப்பந்தக்காரரும் கையெழுத்துப் போடும்போதே, நாளைக்குத் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லட்டும், அந்த நடுவரை இன்ன சங்கம் நியமிக்கட்டும் என்று ஒரு ஷரத்து சேர்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் இரண்டு பேரும் லட்டு தின்கிற சந்தோஷத்தில் இருப்பதால் அந்த ஷரத்தை யாரும் படிப்பதில்லை. மூன்று வருஷம் கழித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத நிலையில், அந்தத் தாள் எங்கள் மேஜைக்கு வரும்.

எங்களிடம் ஓய்வு பெற்ற பொறியாளர்களின் பட்டியல் ஒன்று உண்டு. வழக்குக்குப் பொருத்தமான ஐந்து பெயர்களை எடுத்து இரு தரப்புக்கும் தனித்தனியாக அனுப்புவோம். வேண்டாத பெயரை அடித்துவிடலாம், காரணம் சொல்ல வேண்டாம். மிச்சப் பெயர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். திரும்பி வரும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டி, குறைந்த எண் வருகிறவரைத் தேர்ந்தெடுப்போம். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு படிவம் போகும். இந்த இரண்டு தரப்பில் யாரோடாவது உங்களுக்கு உறவோ, நட்போ, தொழில் தொடர்போ, பழைய மனஸ்தாபமோ எப்போதாவது இருந்ததா என்று கேட்கும் படிவம். அது கையெழுத்தாகி வந்த பிறகுதான் நியமனக் கடிதம்.

வேலையை இந்த ஒழுங்கில் நடத்தியவர் பதிவாளர் வர்கீஸ் சார். நீர்ப்பாசனத் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். ஆள் நல்ல உயரம், குரல் மட்டும் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். ஒரு தரப்பு ஆள் மட்டும் தனியாக அலுவலகத்துக்கு வந்தால் அவரை விரட்ட மாட்டார். உட்கார வைத்து, டீ வரவழைத்து, மேஜைமேல் இருக்கும் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு எதிர்த்தரப்பைக் கூப்பிடுவார். இன்னார் வந்திருக்கிறார், ஏதோ சொல்ல வேண்டுமாம், நீங்களும் கேளுங்கள் என்பார். வந்தவருக்குத் திடீரென்று சொல்ல ஒன்றும் இருக்காது. டீயைக் குடித்துவிட்டு, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார். நடுவராகப் போகிறவரோடு பேசும்போதும் வர்கீஸ் சார் வழக்கைத் தொட மாட்டார். நேரம் உண்டா, உடம்பு சுகமா என்ற இரண்டு கேள்விகள்தான். மற்றதெல்லாம் தாளில் வர வேண்டும் என்பார்.

இனி என் கைங்கரியம். அந்தப் படிவத்தில் பதினொரு கேள்விகள். பதில் எழுத வேண்டியவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவருக்குக் கண்புரை, ஒருவருக்குக் கை நடுக்கம். பாதி நிரப்பிய படிவம் திரும்பி வரும், நான் மறுபடி அனுப்புவேன், இரண்டு வாரம் ஓடிவிடும். எப்படியும் எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் எழுதுவது 'இல்லை' என்றுதானே? ஒரு நாள் நானே பதினொரு கேள்விகளுக்கும் எதிரே 'இல்லை' என்று தட்டச்சில் அடித்து, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பினேன். மறுநாளே கையெழுத்தோடு வந்தது. எனக்கு என் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை. நியமனம் சீக்கிரம் நடக்கிறது என்று தலைவர் கூட்டத்தில் பாராட்டினார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இது வர்கீஸ் சார் வருவதற்கு முன்பே தொடங்கியது. அவர் பார்வைக்குப் போகும்போது பென்சில் குறியை அழித்திருப்பேன். 'இல்லை' என்பதை அடித்தது யார் என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு முறை அவர் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷனுக்கு ஒருத்தரைக்கூடத் தெரியாதா என்று கேட்டார். எல்லாரும் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருந்து, ஒரே கல்யாணங்களில் சாப்பிட்டவர்கள். கேள்வி நியாயமானதுதான். நான் சிரித்து மழுப்பினேன்.

செல்லத்துரையின் வழக்கு வந்தபோது எனக்கு ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது. செல்லத்துரை மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். கொத்தனாராக இங்கே வந்து, சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுக்கும் அளவுக்கு உயர்ந்தவர். கழக்கூட்டம் என்ற பகுதியில் கணினி நிறுவனப் பிள்ளைகள் தங்குவதற்கு ஒருவர் ஹாஸ்டல் கட்டினார். மேட்டு நிலம் சரியாமல் இருக்க அதன் பின்னால் ஒரு பெரிய சுவர் வேண்டும். அந்தச் சுவரைக் கட்டியது செல்லத்துரை. துலா மாத, அதாவது ஐப்பசி, மழையில் சுவர் சாய்ந்து, இரண்டு கார்கள் நசுங்கின. நல்லவேளை, மனிதர் யாரும் அங்கே இல்லை. வேலை மோசம் என்றார் உரிமையாளர். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வரிசையாகத் துளைகள் விட்டிருந்தேன், தோட்டம் போட வந்தவர்கள் அசிங்கமாக இருக்கிறது என்று சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள், நெருக்கிய தண்ணீர்தான் சுவரைத் தள்ளியது என்றார் செல்லத்துரை. சாய்ந்த சுவரின் படம் எல்லார் போனிலும் சுற்றியது. அதன் பிறகு கழக்கூட்டத்தில் ஒரு கழிவறை கட்டக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. சுவர் விழுந்தது தன் வேலையால் அல்ல என்று ஒருவர் விசாரித்து எழுதிக் கொடுத்தால் ஒழிய அவர் ஊரில் தலைகாட்ட முடியாது.

ஐந்து பெயர்கள் அனுப்பினோம். இரு தரப்பையும் கூட்டிப் பார்த்ததில் ராகவன் சார் வந்தார். கட்டுமானப் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். ஊரில் பாதிப் பொறியாளர்கள் அவரிடம் அடி வாங்காமல் திட்டு வாங்கிப் படித்தவர்கள். அவருக்குக் கண் அறுவை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வழக்கம்போல 'இல்லை' அடித்த படிவத்தை அனுப்பிவிட்டேன். அன்று மத்தியானம் அவரே எனக்குப் போன் செய்தார்.

"மீனாட்சி, இந்தச் செல்லத்துரை பேரைப் பார்த்தேன். என் வீட்டு மதில் மழையில் இடிஞ்சப்போ எடுத்துக் கட்டிக் கொடுத்த துரை இந்த ஆளா இருக்கும்னு தோணுது. ஒரு வாரத்து வேலை, வருஷம் பத்தாச்சு. இதை எழுதணுமா?"

மலையாளத்தில்தான் கேட்டார், எல்லார் பேச்சையும் நான் தமிழாகவே எழுதுகிறேன். நான் சொன்ன பதிலை மட்டும் சொன்னபடியே எழுதுகிறேன். "சாரமில்ல சார், ஒப்பிட்டு அயச்சோளூ." பரவாயில்லை, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று அர்த்தம். எழுதினால் படிவத்தைத் திரும்ப அடிக்க வேண்டும், இரு தரப்புக்கும் தெரிவிக்க வேண்டும், பதினைந்து நாள் போகும். எனக்கு அன்று மேஜையில் எட்டுக் கோப்புகள் இருந்தன. மறுநாள் படிவம் கையெழுத்தாகி வந்தது.

விசாரணை ஏழு மாதம் நடந்தது. ராகவன் சார் இடத்துக்கே போய், மண்ணைத் தோண்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்ததைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு உரிமையாளர் அந்த இடத்தை மூடி, தரைக்கல் பதித்து, இருசக்கர வண்டிகள் நிறுத்தும் இடமாக்கிவிட்டார். தீர்ப்பு எழுதுவது மட்டும் பாக்கி.

அந்த நேரத்தில் ஒரு கல்யாண வீட்டில், பாயசம் பரிமாறும்போது, உரிமையாளரின் வக்கீலிடம் பக்கத்து இலைக்காரர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார், ராகவன் சார் வீட்டு மதில்கூட அந்தச் செல்லத்துரை கட்டியதுதான் என்று. திங்கட்கிழமை ஆட்சேபக் கடிதம் வந்துவிட்டது. நடுவர் ஒப்பந்தக்காரருக்கு வேண்டியவர், அதை மறைத்து 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார், அவரை நீக்க வேண்டும் என்று கடிதம்.

வர்கீஸ் சார் ராகவன் சாரை வரவழைத்தார். நான் குறிப்பேட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதில் கட்டியது உண்மையா என்று வர்கீஸ் சார் கேட்டார். உண்மை என்றார். பிறகு ஏன் எழுதவில்லை என்று கேட்டார். ராகவன் சார் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கையெழுத்து என்னோடது. காரணம் சொல்ல ஒண்ணும் இல்லை" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதைத்தான் ஆண்டு மலரில் எழுத முடியவில்லை. அந்த மனுஷன் வாழ்நாள் முழுவதும் சேர்த்த மரியாதை என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் 'காரணம் சொல்ல ஒன்றும் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த வேலை வருஷங்கள், பென்ஷன், கண்காணிப்பாளர் பதவி எல்லாம் மனதில் ஓடியது. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் வர்கீஸ் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்தது, நான் சொன்ன பதில், இத்தனை வருஷமாக எல்லாப் படிவத்திலும் 'இல்லை' அடித்து அனுப்பியது, பென்சில் குறி, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"பத்து வருஷம் முன்னாடி ஒரு வாரம் மதில் கட்டினது பெரிய காரியமே இல்லை. எழுதியிருந்தா ரெண்டு தரப்பும் சம்மதிச்சிருப்பாங்க. எழுதாம விட்டதுதான் இப்போ மதிலைவிடப் பெரிசா நிக்குது" என்றார்.

பிறகு தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார். உரிமையாளரின் வக்கீலையும் செல்லத்துரையையும் ஒரே அழைப்பில் சேர்த்து, என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். வக்கீல் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். செல்லத்துரை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பம் தோண்டிப் பாத்ததெல்லாம் போச்சா அக்கா?"

போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் ராகவன் சாரின் விலகல் கடிதம் வந்து சேர்ந்துவிட்டது. புது நடுவர் விரும்பினால் பழைய விசாரணைக் குறிப்புகளை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருந்தது. ஆனால் வக்கீல் விடுவாரா? மதில் கட்டிக்கொண்டவர் எழுதிய குறிப்பை எப்படி நம்புவது என்றுதான் கேட்பார். செல்லத்துரைக்கு இருந்த ஒரே சாட்சி தரைக்கல்லுக்கு அடியில் கிடந்தது.

எனக்கு மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். ராகவன் சார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"உன்கிட்ட எதுக்குக் கேட்டேன்னு யோசிச்சுப் பார்த்தேன் மீனாட்சி. எழுதணும்னு எனக்குத் தெரியும். வேண்டாம்னு யாராவது சொல்லணும்னு இருந்தது, நீ சொன்னே" என்றார்.

என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, உண்மையாகவே அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அதையும் நான்தான் பதிவு செய்தேன்.

மறுபடி ஐந்து பெயர்கள் எடுக்க வேண்டும். அந்த வேலையை வர்கீஸ் சார் வேறு யாருக்கும் தராமல் என்னிடமே தந்தார். இந்த முறை ஒரு மாற்றம் சொன்னார். பெயர்களை அனுப்புவதற்கு முன்பே ஐந்து பேரிடமும் படிவத்தை வெறுமையாகக் கொடுத்து, அவரவர் கையால் நிரப்பி வாங்கி, அதையும் சேர்த்து இரு தரப்புக்கும் அனுப்ப வேண்டும். ஐந்து வீடுகளுக்கும் நானே பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வெறும் படிவம் கையில் வந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் பொங்கிவிட்டது. ஒருவர் உரிமையாளரின் மைத்துனரோடு செஸ் ஆடியதை எழுதினார். இன்னொருவர் வக்கீலின் அப்பாவிடம் ஒரு முறை குடை இரவல் வாங்கியதைக்கூட எழுதியிருந்தார்.

ஐந்தாவது படிவம் ஜமீலா மேடத்துடையது. பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்தவர், கறார்ப் பேர்வழி. நீல மையில் அரைப் பக்கம் எழுதியிருந்தார். விழிஞ்ஞம் பக்கத்தில் சாலை வேலை நடந்தபோது, இந்தச் செல்லத்துரை கட்டிய கலுங்கை, அதாவது சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலத்தை, தன் உத்தரவில் இடித்துத் திரும்பக் கட்ட வைத்தாராம். அவர் எல்லார் முன்னாலும் தன்னோடு சண்டை போட்டாராம், தானும் விட்டுக்கொடுக்கவில்லையாம். அதன் பிறகு இருவரும் பேசியதில்லை என்று முடித்திருந்தார்.

இதைப் படித்ததும் செல்லத்துரை முதல் வேலையாக இந்தப் பெயரை அடிப்பார் என்று நினைத்தேன். உரிமையாளர் என்ன செய்வார் என்பதிலும் சந்தேகம் இல்லை. இரண்டு தாள்களும் வந்தன. வர்கீஸ் சார் முன்னால் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உரிமையாளர் ஜமீலா மேடத்துக்கு எதிரே ஒன்று என்று எழுதியிருந்தார். செல்லத்துரையின் தாளில் மற்ற நான்கு பெயர்களும் அடிக்கப்பட்டிருந்தன. மிச்சம் இருந்த ஜமீலா மேடத்துக்கு எதிரே பெரிதாக ஒன்று என்று எழுதியிருந்தது. இரு தரப்பும் ஒரே பெயருக்கு ஒன்று போட்டு நான் பார்த்ததே இல்லை.

படிவம் புரியாமல் மாற்றி எழுதிவிட்டாரோ என்று பயந்தேன். வர்கீஸ் சாருக்கும் அதே பயம். வழக்கம்போல இரு தரப்பையும் போனில் சேர்த்து, நீங்கள் எழுதியது சரிதானா என்று கேட்டார். சரிதான் சார் என்றார் செல்லத்துரை. படிவத்தில் எழுதியிருப்பதைப் படித்தீர்களா என்று கேட்டார். மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன் என்றார். வக்கீல் பக்கம் ஒருவர் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

ஜமீலா மேடம் பழைய குறிப்புகளைத் தொடவே இல்லை. முதல் அமர்விலேயே இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே தரைக்கல் பதித்திருக்கிறதே என்றார் வக்கீல். எடுத்தால் திரும்பப் பதிக்கலாம் என்றார் மேடம். இரு தரப்பும் நிற்க, விழாமல் மிஞ்சியிருந்த சுவர்ப் பகுதியை ஒட்டித் தரையை உடைக்கச் சொன்னார். நான் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். மண்ணை விலக்கியதும் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. பதினான்கில் பதினொன்று வெளிப்பக்கமிருந்து சிமென்ட் வைத்து அடைத்திருந்தது. மேடம் குனிந்து ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து எண்ணினார். நானும் எண்ணினேன். உரிமையாளர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்லத்துரை தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சுவர் விழுந்ததற்குக் கட்டிய வேலை காரணம் அல்ல என்று இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. நகல் வாங்க செல்லத்துரை வந்தார். நகல் பெற்றதற்குக் கையெழுத்து வாங்கும் பதிவேட்டை நீட்டினேன். என்மேல் அவருக்குக் கோபம் இருக்க எல்லா நியாயமும் உண்டு. கோபத்தைக் காட்டுவார் என்று காத்திருந்தேன், அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். மனதில் இருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். கலுங்கை இடிக்க வைத்த அம்மாவை எந்த தைரியத்தில் எடுத்தீர்கள் என்று.

செல்லத்துரை வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கலுங்கு நான் கெட்டுனது செரியில்ல அக்கா. அன்னைக்குச் சின்ன வயசு, கம்பி கொறச்சுத்தான் போட்டேன். மேல பூசினப்புறம் ஒருத்தனுக்கும் தெரியாது. அந்தம்மா கண்டுபிடிச்சாங்கல்லா? அப்பம் இதையும் கண்டுபிடிப்பாங்கன்னு எனக்கு ஒறப்பா இருந்துது."

பதிவேட்டில் தன் பெயரை முழுதாக எழுதி, நகலை மடிக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, படி இறங்கிப் போனார்.